புதர் மண்டிய இடத்தைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடந்து போன பாதை மூடிவிட்டது, வீட்டுக்குப் பின்னால் கால் வைக்க முடியவில்லை, வாங்கிப் போட்ட மனை காடாகிவிட்டது. இந்த மூன்றில் ஏதோ ஒன்றோடுதான் எல்லோரும் வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஆள் வைத்து வெட்டிப் பார்த்துவிட்டு, அது திரும்ப வந்தபின் கேட்பவர்கள். அதனால் அவர்கள் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம்தான் அடியோடு வெட்டினோம். இப்போது முன்பைவிட அடர்த்தியாக வந்திருக்கிறது. ஏன்?

அடியோடு வெட்டியிருக்க மாட்டீர்கள். தரையோடு வெட்டியிருப்பீர்கள். இரண்டும் வேறு.

ஒரு செடி மறுபடி துளிர்க்க அதற்கு ஒரு மொட்டு வேண்டும். அந்த மொட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை. ரான்கியர் என்ற டென்மார்க் தாவரவியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துச் செடிகளையெல்லாம் இந்த ஒரே அளவுகோலை வைத்து வகை பிரித்தார். பாதகமான பருவத்தைக் கடக்கும்போது செடியின் உயிர்மொட்டு கிளை உச்சியில் இருக்கிறதா, தரையை ஒட்டி இருக்கிறதா, மண்ணுக்குள் இருக்கிறதா, விதையில் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தார். அவர் இதைக் களை எடுப்பதற்காகச் செய்யவில்லை. ஆனாலும் கையில் அரிவாளோடு நிற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை.

மொட்டு தரைக்குக் கீழே இருக்கும் புதரை மேலே வெட்டினால் அது கவாத்துதான். ரோஜாவைக் கவாத்து செய்தால் என்ன ஆகும்? ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு வரும். உச்சி இருக்கும்வரை கீழ்மொட்டுகளை அது அடக்கி வைத்திருக்கும். உச்சி போனதும் தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் விழித்துக்கொள்ளும். வேரில் சேமித்த சத்து அப்படியே இருக்கிறது, மேலே வெயிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் அடர்த்தியாக வராது?

அப்படியானால் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு முறையா?

ஆமாம். எல்லாச் செடியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெப்ப நாடுகளில் பாதைகளை மூடுகிறவற்றில் ஐந்தாறைத் தெரிந்துகொண்டால் மற்றதை ஊகித்துவிடலாம்.

உண்ணிச்செடி: ஆரஞ்சும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கொத்துப் பூ பூக்கும், கசக்கினால் காட்டமான வாடை வரும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச் செடியாகக் கப்பலேறி உலகம் முழுக்கப் பரவியது. இதன் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூழலியலாளர் சி.ஆர்.பாபுவும் அவருடைய குழுவினரும் இதற்கு எளிய ஒரு வழி சொன்னார்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்கி, மண்மட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ப்பது எதற்கு? கழுத்து மண்ணில் பட்டால் மறுபடி வேர்விடும். காற்றில் தொங்கினால் காய்ந்துவிடும். பெரிய குழி தோண்ட வேண்டியதில்லை, மண்ணும் அதிகம் கலைவதில்லை.

சீமைக் கருவேலம்: இது கொஞ்சம் பிடிவாதமான ஆள். மண்ணுக்குள் இருக்கும் தண்டுப் பகுதியிலும் மொட்டு உண்டு. கோடாலியால் தரைமட்டத்தில் வெட்டுவது விறகுக்கு உதவும், ஒழிக்க உதவாது. குறைந்தது ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, கடப்பாரை போட்டு நெம்பித் தூரை எடுக்க வேண்டும். அதற்குக் கீழே வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் கவலை வேண்டாம்.

கோரை: பார்க்கப் புல் மாதிரி இருக்கும். தண்டை விரல்களுக்கு இடையே உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக இருக்கும். பிடுங்கினால் ‘டப்’பென்று அறுந்து கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். கிழங்குகள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோத்திருக்கும். மாலை முழுசாக இருக்கும்வரை முனைக்கிழங்கு மற்றதை முளைக்க விடாது. மண்வெட்டியால் கொத்தி மாலையை அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். ஒருமுறை கொத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தவர் வீட்டில்தான் கோரை காடாகும். பொறுமை இருந்தால் மண்முள்ளால் கிளறிக் கிழங்கோடு எடுத்து, கடும் வெயிலில் பல நாள் காயப் போடுங்கள். இல்லையென்றால் முளைக்க முளைக்க, நாலைந்து இலை விடுவதற்குள் எடுத்துக்கொண்டே இருங்கள். கிழங்கின் சேமிப்பு கரையும்.

அருகம்புல்: மேலே ஓடுகொடி, கீழே ஓடுகிழங்கு. கணு ஒன்று மண்ணில் விழுந்தால் போதும். இதை வெட்டுவதைவிட வெளிச்சம் கிடைக்காமல் மூடுவது மேல். நிழல் இதற்கு ஆகாது.

நெய்வேலிக் காட்டாமணக்கு: ஈர இடங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் ஊதாப் பூவோடு நிற்கும். வெட்டிய துண்டே வேர்விடும். வெட்டி ஈரத்தில் போட்டால் நீங்களே நட்டது மாதிரி.

பார்த்தீனியம்: ஓராண்டுச் செடி, மொட்டு விதையில்தான். பூக்குமுன் வேரோடு பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. இதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பெரிய புதரைக் கண்டாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து. எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். இருப்பதிலேயே மோசமான மூலையைத் தேடிப் போய் ஒரு நாள் முழுக்க அடித்து நொறுக்கிவிட்டு, மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

சிட்னியில் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். வீட்டருகே இருந்த காட்டைக் களைகளிடமிருந்து மீட்க 1960களில் ஒரு முறையை வகுத்தார்கள். களை குறைவாக இருக்கும் இடத்தில் தொடங்கி, களை மிகுந்த இடத்தை நோக்கிப் போக வேண்டும். மண்ணை முடிந்தவரை கலைக்கக் கூடாது. நல்ல செடிகள் திரும்ப வரும் வேகம் என்னவோ அந்த வேகத்துக்குத்தான் அடுத்த துண்டை எடுக்க வேண்டும். கேட்க மெதுவான வேலையாகத் தோன்றும். ஆனால் சுத்தம் செய்த இடம் சுத்தமாகவே இருக்கும், செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

பாதையென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். முதல் நாள் ஒருவர் நடக்கிற அளவுக்கு முழு நீளத்துக்கும் ஒரு வழி எடுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே பள்ளம், எங்கே நல்ல மரக்கன்று என்பது அப்போதுதான் தெரியும். அகலப்படுத்துவது பிறகு.

கையில் நீளக் கம்பு இல்லாமல் முன்னே காலெடுத்து வைக்காதீர்கள். பல வருஷம் கிடந்த இடத்தில் மூடாத கிணறோ மலக்குழியோ இருக்கலாம், துருப்பிடித்த முள்கம்பியோ கண்ணாடிச் சில்லோ கிடக்கலாம். ஒருமுறை நான் கொடியை இழுத்தபோது அதோடு சேர்ந்து ஒரு மின்கம்பியும் வந்தது. என்றோ துண்டிக்கப்பட்ட கம்பி. துண்டிக்கப்பட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

எந்தக் காலத்தில் செய்வது நல்லது?

வேரோடு எடுக்க வேண்டியதை மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாள் எடுங்கள். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தால் உருண்டையாகவும் வரவேண்டும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். அந்தப் பதத்தில் இழுத்தால் வேர் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் அறும். சேற்றில் மிதித்தால் மண் இறுகிவிடும்.

வெறுமனே அறுத்துவிடப் போகிறீர்கள் என்றால் பூக்கத் தொடங்கும் நேரத்தில் அறுங்கள். சேமித்த சத்தையெல்லாம் பூவுக்கு அனுப்பிவிட்டு வேர் இளைத்திருக்கும் நேரம் அது. விதை முற்றியபின் அறுப்பது விதைப்பதற்குச் சமம்.

அறுக்குமுன் புதருக்குள் பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால் அந்தப் புதரை மட்டும் சில வாரம் விட்டுவைத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பட்டியல் சின்னதுதான். புல்லுக்குக் கருக்கரிவாள், தண்டுக்கு வெட்டரிவாள், தூருக்கு மண்வெட்டியும் கடப்பாரையும். கட்டை விரலைவிடத் தடித்த கிளைக்கு ரம்பம். உயரத்தில் தொங்கும் முள்ளுக்குத் துரட்டி. கூடவே தடித்த கையுறை, கனமான அடிப்பாகம் உள்ள காலணி, முழுக்கைச் சட்டை. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு நேராக உள்ளங்காலுக்குப் போகும். குத்தி உள்ளே ஒடிந்தால் சீழ் பிடிக்காமல் விடாது. இந்த மாதிரி வேலைக்கு இறங்குமுன் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் யாரும் சொல்லாத ஒரு கருவி கவைக்கம்பு. ஐந்தடி நீளத்தில், முனையில் ஒய் வடிவத்தில் பிரிந்த ஒரு குச்சி, அவ்வளவுதான். முள் வெட்டிப் பழகியவரைக் கவனித்துப் பாருங்கள். இடது கையில் கவையைக் கொடுத்துக் கிளையைத் தள்ளி அழுத்திக்கொள்வார், வலது கை அரிவாள் அடியில் இறங்கும், வெட்டுப்பட்டதை அதே கவையால் கோத்துத் தூக்கி ஓரம் தள்ளுவார். முள்ளில் அவர் கையே படாது. நாமோ கையுறை மாட்டிய தைரியத்தில் கிளையைப் பிடித்து, அது விட்டெறிந்து முகத்தில் அடிவாங்குவோம்.

சாணைக்கல்லோ அரமோ பக்கத்திலேயே இருக்கட்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை நாலு இழுப்பு தீட்டினால் போதும். மழுங்கின அரிவாள் வழுக்கும், வழுக்கினது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

தண்டை எப்படி வெட்டுவது? அதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அரிவாளைச் சாய்த்து ஓங்கிப் போட்டால் வெட்டு சுலபமாக விழும், ஆனால் தரையில் சீவின பென்சில் மாதிரி ஒரு முளை நிற்கும். ஒரு மாதத்தில் புல் அதை மறைத்துவிடும். அந்தப் பாதையில் விழுகிற குழந்தைக்கு அது ஈட்டி. பாதையில் நிற்கும் தண்டைக் கடைசி வெட்டில் ரம்பம் வைத்துத் தட்டையாக, மண்மட்டத்தோடு அறுங்கள்.

மரக்கிளையென்றால் அடிமரத்தோடு ஒட்டியும் அறுக்கக் கூடாது, முழம் நீளத்துக்கு விட்டும் அறுக்கக் கூடாது. கிளை தொடங்கும் இடத்தில் ஒரு புடைப்பு வளையம் தெரியும். அதற்குச் சற்று வெளியே அறுத்தால் மரமே காயத்தை மூடிக்கொள்ளும். கனமான கிளைக்கு முதலில் அடிப்பக்கத்தில் ஓர் அரை வெட்டு, அதற்குக் கொஞ்சம் தள்ளி மேலிருந்து முழு வெட்டு, மிச்சத்தைக் கடைசியில் வளையத்துக்கு வெளியே. நேராக மேலிருந்தே அறுத்தால் கிளை சாயும்போது பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும்.

பாதையை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் எடுக்கலாம்?

ஒருவர் நடக்கும் பாதைக்கு ஒன்றேகால் மீட்டர் அகலம் தாராளம். உயரம் இரண்டரை மீட்டர் வையுங்கள். வெயிலில் தலைக்கு மேல் நிற்கும் கிளை மழையில் நனைந்தால் கனத்து முகத்துக்கு வந்துவிடும். வளைவுகளில் எதிரே வருவது தெரிகிற மாதிரி உட்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள்.

தேவைக்கு மேல் அகலமாக்காதீர்கள். மேலே நிழல் இருக்கும்வரை கீழே களை குறைவு. பாதைக்கு மேல் மரங்கள் கூரைபோலக் கூடி நின்றால் அதை விட்டுவையுங்கள், உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

புதர்வெட்டும் இயந்திரம் நல்லதா?

புல்லுக்கும் மெல்லிய தண்டுக்கும் நல்லது. நைலான் கயிறு புல்லுக்கு, இரும்புத் தகடு தண்டுக்கு. ஒழிக்கும் கருவி அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம், தரைக்கு மேலே இருப்பதைத்தான் அது எடுக்கும்.

பெரும்பாலான இயந்திரங்களில் தகடு மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீச வேண்டும், தகட்டின் இடது பக்கத்தால் வெட்ட வேண்டும். தகட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12க்கும் 3க்கும் இடைப்பட்ட பகுதி கட்டையில் பட்டால் இயந்திரம் எகிறி உதைக்கும். கூட இருப்பவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது மிகையல்ல. நான் ஒருமுறை நைலான் கயிறுதானே என்று அசட்டையாக இருந்தேன். கோலிக்குண்டு அளவு கல் ஒன்று பறந்து போய், பத்தடிக்கு அப்பால் நிறுத்தியிருந்த வண்டியின் கண்ணாடியைச் சிலந்திவலை ஆக்கிவிட்டது. கண்ணுக்குக் கவசம் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

பொக்லைன் விட்டு ஒரே நாளில் வழித்துவிட்டால்?

கருவேலத் தூர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் சமநிலத்துக்குச் சரி. மற்றபடி எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மேல்மண் போய்விடும், அடியில் உறங்கிக்கிடந்த விதை மேலே வரும், கோரைக் கிழங்கு நிலம் முழுக்கப் பகிர்ந்து விதைக்கப்படும். சரிவான இடத்தில் செய்தால் அடுத்த மழையில் மண்ணும் சேர்ந்து இறங்கும். சரிவில் வேரைத் தோண்டவே கூடாது. மேலே அறுத்து, வேரை அப்படியே விட்டு, வேறு செடி பிடித்தபின் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பாம்பு இருக்குமே?

இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். தரை அதிர்வைப் பாம்பு நன்றாக உணரும், அதனால் கம்பால் தட்டிக்கொண்டு போவது பலன் தரும். ஆனால் அதையே முழுசாக நம்பிவிடாதீர்கள். விரியன் வகைகள் பல, அதிர்வு தெரிந்தாலும் நகராமல் சருகோடு சருகாகச் சுருண்டே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாமல் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. வெட்டிய குவியலைக் கையால் அள்ளாமல் முள்வாரியால் இழுங்கள். நாலு பக்கமும் சூழ்ந்து வெட்டாமல் ஒரு பக்கத்திலிருந்து போங்கள், மறுபக்கம் அது போக வழி இருக்கட்டும். கருக்கல் நேரத்தில் வேண்டாம்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையல் இருந்தால் கழற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவது நடக்கிற கதைதான்.

பாம்பைவிட அதிகம் பேரைக் கொட்டுவது குளவி. புதருக்குள் ஒரே இடத்துக்குப் பூச்சிகள் போய்வந்துகொண்டிருந்தால், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்.

தீ வைத்தால் வேலை சுலபம்தானே?

வேண்டாம். காற்று திரும்பினால் உங்கள் கையில் எதுவும் இல்லை. அரளி போன்ற நச்சுச் செடிகளின் புகையும் நச்சு. உள்ளே ஒளிந்திருக்கும் உயிர்கள் வெந்துபோகும். இத்தனைக்குப் பிறகும் மண்ணுக்குள் இருக்கும் மொட்டுக்குச் சூடு போய்ச் சேராது. உண்ணிச்செடி எரித்த இடத்தில் முன்பைவிடச் செழிப்பாகத் துளிர்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உப்பு, வினிகர், கொதிநீர்?

கல் இடுக்கில் முளைக்கும் சின்னச் செடிக்குக் கொதிநீர் அருமையானது. சோறு வடித்த கஞ்சித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் சரி. சமையலறை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம். அது இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. பத்து நாளில் பச்சை திரும்பும்.

உப்பு வேலை செய்யும், அதுதான் பிரச்சினை. மண்ணில் தங்கி, மழையில் கரைந்து, நீங்கள் நினைக்காத மரத்தின் வேருக்கும் போகும். இணையத்தில் பகிரப்படும் குறிப்புகளில் நான் அடியோடு வெறுப்பது இதைத்தான்.

களைக்கொல்லி அடிக்கலாமா?

கிளைபோசேட்டைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். 1974 முதல் சந்தையில் இருக்கிறது. பச்சை இலை வழியாக உள்ளே போய், சாற்றோடு வேர்வரை இறங்கி, புரதத்துக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செடி உண்டாக்க விடாமல் தடுக்கும். இலை இல்லாத செடிக்கு அடித்துப் பயனில்லை. முதல்நாள் வெட்டிவிட்டு மறுநாள் மருந்தடிப்பவர்கள் காசை மண்ணில் ஊற்றுகிறார்கள். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உள்ளிட்ட வேறு சில அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. உங்கள் பகுதியில் யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் வழி இது: பரப்பில் தெளிப்பதில்லை. தோண்ட முடியாத இடத்தில், உதாரணமாகச் சுவரை ஒட்டிய தூரில், அறுத்த சில நிமிஷங்களுக்குள் வெட்டுவாயில் மட்டும் தூரிகையால் தடவுவேன். நேரம் போனால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஓரமென்றால் அதுவும் கிடையாது.

சுவரில் ஆலும் அரசும் முளைக்கின்றன. வெட்ட வெட்ட வருகிறதே?

பறவை எச்சத்தில் வந்த விதை. விரல் நீளம் இருக்கும்போது, மழைக்குப் பிறகு, இரு விரலால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தால் நூல் மாதிரி வேர் முழுசாக வரும். இந்த வேலையை ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் காரையைப் பெயர்க்க வேண்டியிருக்கும். இரண்டாவது வருஷத்தில் வேர் செங்கல்களுக்கு நடுவே தட்டையாக, நாடா போலப் படர்ந்திருக்கும். அப்போது மேலே வெட்டுவது வீண். அந்த இணைப்பிலுள்ள காரையைக் கொத்தி எடுத்து, வேரைத் தொடர்ந்து போய் உருவி, மறுபடி பூசி அடைக்க வேண்டும். அமிலம் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. செடிக்கு முன்னால் சுண்ணாம்புக் காரை கரைந்துபோகும்.

மரத்திலும் சுவரிலும் ஏறிய கொடியை?

இழுக்காதீர்கள். அடியில் ஒரு வெட்டு, இடுப்பளவில் ஒரு வெட்டு, நடுத்துண்டை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். சில வாரத்தில் மேலே இருப்பது காய்ந்து பிடி தளர்ந்துவிடும். பச்சையாக இழுத்தால் பூச்சும் பட்டையும் கூடவே வரும், சில சமயம் காய்ந்த கிளையும் தலையில் வரும். அடித்தூரைத் தோண்ட மறக்க வேண்டாம்.

பார்த்தீனியம் பிடுங்கியபின் கையெல்லாம் அரிக்கிறது.

அதிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், பழகப் பழகக் கூடும். கையுறை, முழுக்கை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். ஏற்கெனவே அரிப்போ மூச்சிரைப்போ வந்தவர்கள் இந்தச் செடி இருக்கும் பக்கமே போகக் கூடாது, வேறு ஆளிடம் விடுங்கள். வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியாக அலசுங்கள்.

ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்கும். முளைத்த நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். ஆகவே மாதம் ஒரு சுற்று என்பது இதற்குப் போதாது, மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒன்று.

வெட்டியதையெல்லாம் எங்கே போடுவது?

பூவோ விதையோ இல்லாத பச்சையைச் சுத்தம் செய்த இடத்திலேயே மூடாக்காகப் போடுங்கள். முள்கிளையை இரண்டு வரிசையாக அடித்த குச்சிகளுக்கு நடுவே அடுக்கினால் உயிரில்லாத வேலி ஆகிவிடும், ஓணானும் சின்னக் குருவிகளும் அதில் குடியேறும். விதை முற்றியதை மட்கில் போடுவதானால் குவியலின் உள்ளே 55 டிகிரிக்குக் குறையாத சூடு பல நாள் நிற்க வேண்டும், வெளிப்புறத்தையும் உள்ளே புரட்டிவிட வேண்டும். வீட்டு மூலையில் இருக்கும் சின்னக் குவியல் அந்தச் சூட்டை எட்டாது. துண்டே வேர்விடும் வகைகளைக் கல் தரையிலோ தகரத்திலோ பரப்பி, ஒடித்தால் ‘சடக்’கென்று சத்தம் கேட்கும்வரை காய விடுங்கள்.

ஆடு விட்டால் தின்றுவிடாதா?

ஓரளவுக்கு நல்ல வேலைக்காரர்கள். உண்ணிச்செடி இருந்தால் விடாதீர்கள், அது கல்லீரலைக் கெடுக்கும். கருவேலங்காய் இருந்தாலும் யோசியுங்கள். விதை வயிற்றில் செரிக்காமல், மேல்தோல் மட்டும் பதப்பட்டு, எருவோடு சேர்ந்து விழுந்து முன்பைவிட நன்றாக முளைக்கும்.

எடுத்தபின் வெறும் மண்ணாக விடலாமா?

விட்டால் மூன்று வாரத்தில் பழைய ஆட்கள் வந்துவிடுவார்கள். பல களை விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், நீங்கள் அதைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே ஏழு முதல் பத்து செ.மீ. சருகு போடுங்கள். மரத்தடியில் மட்டும் ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள், இல்லையேல் பட்டை அழுகும்.

வெயில் சுள்ளென்று அடிக்கும் திறந்த இடமென்றால் இன்னொரு வழி உண்டு. மண்ணைச் சமன் செய்து நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீனை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து, நாலு முதல் ஆறு வாரம் விடுவது. இஸ்ரேலைச் சேர்ந்த காடனும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் இதை மண்நோய்க் கிருமிகளுக்காக வெளியிட்டார்கள். களை விதையும் வெந்துபோகிறது என்பது கூடுதல் லாபம். கறுப்புத் தாள் போடுகிறார்கள் பலர். கறுப்பு தானே சூட்டை வாங்கிக்கொள்ளும், கண்ணாடி மாதிரியான தாள்தான் சூட்டை மண்ணுக்கு அனுப்பும். கோரைக் கிழங்கு மட்டும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்?

1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியருக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான். களை விதை மண்ணில் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? 21 வகை விதைகளை ஈர மணலோடு கலந்து 20 புட்டிகளில் நிரப்பிப் புதைத்தார். முதலில் ஐந்து ஆண்டுக்கு ஒன்று, பிறகு பத்துக்கு ஒன்று, இப்போது இருபதுக்கு ஒன்று என்று எடுத்து முளைக்கப்போட்டுப் பார்க்கிறார்கள், சோதனை இன்னும் முடியவில்லை. 2021இல் எடுத்த புட்டியிலிருந்து, 141 ஆண்டுக்குப் பிறகு, 20 நாற்றுகள் வந்தன.

பயப்பட வேண்டாம், பெரும்பாலான வகைகள் அதற்கு முன்பே செத்துவிட்டன. நடைமுறைக் கணக்கு வேறு. முதல் சுற்று முடிந்த மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம், அடுத்த மழையின் முதல் பத்து நாள் என்று போய்ப் பாருங்கள். முதல் வருஷம் கூடை கூடையாக வரும், இரண்டாம் வருஷம் ஒரு பை, மூன்றாம் வருஷம் நடக்கிற நடையில் குனிந்து பிடுங்கிப்போகும் அளவு. ஒரு மழைக்காலம் ஏமாந்து விதை விழவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. ஆள் வைத்துச் செய்பவர்கள் முதல் நாளுக்குப் பேசும்போதே இந்த மூன்று வருகைக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் பராமரிக்காத நிலம். நான் மட்டும் எடுத்து என்ன பயன்?

வேலியோரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு நெருக்கமாக, உயரமாக வளரும் எதையாவது நடுங்கள். காற்றில் வரும் விதை அந்தத் தடுப்பில் சிக்கிவிடும், தரைவழியாக வரும் கொடியும் நிழலில் தயங்கும். அந்த நில உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடிந்தால் பூக்கும் சமயத்துக்கு முன்னால் ஒருமுறை பேசிப்பாருங்கள், பூத்தபின் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. எனக்கு அப்படி ஒரு பக்கத்து நிலம் உண்டு. வருஷம் ஒருமுறை அவரிடம் கேட்டுக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு அடியை நானே அறுத்துவிடுகிறேன். அரை நாள் வேலை.